கோவிலம்பாக்கத்தில் ஒரு புள்ளி

அத்தியாயம் 4

"பொட்டு," என்றாள் சாவித்ரி.

"தெரியுதுக்கா. எங்க வூட்லயும் பொம்பளைங்க கீறாங்க," என்றான் அன்பு. "இத்த பாக்கவா தாம்பரத்துலருந்து பொத்தேரி வரைக்கும் லாரிப் புகையைக் குடிச்சிகினு வந்தோம்?"

சாவித்ரி ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவரில் இருந்த அந்தச் சின்ன அரக்கு நிறப் பொட்டை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரணை பார்த்தவள் சாவித்ரி. எரிந்ததாகச் சொன்ன குடோன்கள், தொலைந்ததாகச் சொன்ன லாரிகள், செத்துப்போனதாகச் சொல்லப்பட்டு டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆசாமிகள், எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. இப்போது விருப்ப ஓய்வு. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு ஃபிளாட், அதில் ஒரு நாற்காலி, ஒரு டம்ளர். மீதி நேரத்துக்குத் துப்பறியும் வேலை.

அன்பு முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டினவன். பின் சீட்டில் நடக்கும் பேச்சை ஒட்டுக்கேட்டே பத்து வருடம் ஓட்டியிருந்ததால் உதவியாளன் வேலைக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

"இறங்கி வந்து சொல்லுங்க ஆன்ட்டி. பயமா இருக்கு," என்றாள் மிருதுளா.

மிருதுளா அந்தக் கல்லூரியில் புள்ளியியல் விரிவுரையாளர். முப்பதைத் தாண்டியிருந்தாள். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வழக்கு அவளுடையது. சுவரில் இருந்த படமும் அவளுடையது.

படம் என்றால் சாதாரணப் படம் இல்லை. நுழைவு ஹாலின் ஒரு பக்கச் சுவர் முழுவதும். பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோடு, பக்கத்தில் ரயில் பாதை, கிழக்கே மேடவாக்கம், கோவிலம்பாக்கம். இதே வரைபடம் வருடத்துக்கு ஒன்றாக வரிசையாக மாட்டியிருந்தது. அந்த வருடம் சேர்ந்த ஒவ்வொரு மாணவருக்கும், அவர் வீடு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளியும் அரக்கு நிறம். கொரோனாவுக்கு முந்தைய படங்களில் சிந்தின சர்க்கரைக்கு எறும்பு வந்த மாதிரி ரோட்டோரம் முழுக்கப் புள்ளிகள். 2020ஆம் வருடப் படத்தில் ஒன்றிரண்டு தவிர எறும்பெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. ஜி.எஸ்.டி. ரோடு மட்டும் தனியாகக் கிடந்தது.

அந்த வெறுமையில்தான், கோவிலம்பாக்கம் என்று எழுதியிருந்த இடத்தில், யாரோ ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியிருந்தார்கள்.

"எடுக்க எடுக்க வருது," என்றாள் மிருதுளா. "பெருக்குற அம்மா சுரண்டிப் போட்டாங்க, மறுபடி வந்துச்சு. வாட்ச்மேன் கிழிச்சுப் போட்டார், மறுபடி. எப்பவும் அதே வருஷம், அதே இடம்."

"கேமரா?"

"இருக்கு. வாசல்ல பிரின்சிபால் காரைப் பார்த்துக்கிட்டு இருக்கு."

"அதுக்கும் உத்தியோக பயம்," என்றான் அன்பு.

சொல்லி வைத்த மாதிரி பிரின்சிபால் பத்ரிநாராயணன் வந்தார். சஃபாரி சட்டை, கையில் இரண்டு போன். சாவித்ரி வந்திருப்பதை அவருக்கு ஏற்கெனவே தெரிவித்திருந்தார்கள்.

"திங்கட்கிழமை காலேஜை ஆய்வு பண்ண கமிட்டி வருதும்மா. நாங்க எழுதிக் கொடுத்த கணக்குல இல்லாத ஒரு ஆள் சுவத்துல இருந்தா என்ன கேப்பாங்க? போலி அட்மிஷனான்னு கேப்பாங்க. ஒட்டினது யாருன்னு பேரோட வாங்க. பேர் கிடைச்சா அவங்க வீட்டுக்குப் போவாங்க. கிடைக்கலன்னா," என்று மிருதுளாவைப் பார்க்காமலே சொன்னார், "படம் யாருதோ அவங்க போவாங்க. ரினியூவல் பேப்பர்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல."

இரண்டு போனில் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாவித்ரி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அதை மெதுவாக ஓரமாக நகர்த்தி வைத்தார். லக்ஷ்மிநாராயணன், கல்லூரி பஸ் டிரைவர். காலையில் பஸ்ஸை நிறுத்தினால் மாலை மறுபடி கிளப்பும் வரை அவருக்குப் போக்கிடம் இந்த ஹாலின் பெஞ்சுதான். ஸ்டூல் கேட்டதும் அவர்தான் எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்தார்.

"தேங்க்ஸ் சார்," என்றாள் சாவித்ரி.

"இருக்கட்டும் மேடம்," என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்.

சாவித்ரி பொட்டை நகத்தால் மெல்லக் கிளப்பி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "அன்பு, இங்க பார். மேல வெள்ளையா என்ன?"

"பவுடரு?"

"நகத்தால சுரண்டினா வரல. படிஞ்சு போயிருக்கு. எங்க வீட்டு பக்கெட் ஓரத்துல இருக்கிற அதே வெள்ளை. போர் தண்ணி உப்பு. ஒரு நாள்ல வராது. வருஷக்கணக்காத் தெறிச்சுத் தெறிச்சு வந்திருக்கு." பொட்டைத் திருப்பினாள். "பின்னாடி பழைய பசை காய்ஞ்சு ஓடு மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு மேல புதுசா பசை தடவி ஒட்டியிருக்காங்க."

"ஒரு பாக்கெட் பொட்டு என்னா வெல? பழசை ரிப்பேர் பண்ணி ஒட்டற அளவுக்கு யாருக்குக்கா பேஜாரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்." மிருதுளா பக்கம் திரும்பினாள். "புள்ளிகளை எதை வெச்சும்மா எண்ணினே?"

"ஐ.டி. கார்டு வெச்சு ஆன்ட்டி. ஒவ்வொரு கார்டுலயும் அட்ரஸ் இருக்கும். சுலபம்."

"2020 பேட்ச்சுக்குக் கார்டு எப்ப கொடுத்தீங்க?"

"காலேஜ் திறந்தப்புறம். நேர்ல வந்தாத்தானே போட்டோ எடுக்க முடியும்?"

"கோவிலம்பாக்கத்துல?"

"ஒரு கார்டு கூட இல்ல."

சாவித்ரி தலையாட்டினாள். பொட்டை ஒரு மாத்திரை உறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்தாள்.

* * *

கேன்டீனில் நாகலக்ஷ்மி மெதுவடையைச் சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட். நெற்றியில் அரக்கு நிறப் பொட்டு. அளவும் அதே அளவு. மிருதுளாவின் படத்தை மாட்டுவதற்காக ஹாலில் இருந்த தன் நோட்டீஸ் போர்டைக் கழற்றிவிட்டார்கள் என்று ஒரு மாதமாக அவளோடு பேசுவதில்லை என்பதையும் அன்பு அதற்குள் தெரிந்துகொண்டு வந்திருந்தான்.

எதிரில் வந்து உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தான்.

"என்ன சார், என் நெத்தியில என்ன எழுதியிருக்கு?"

"எழுதல மேடம். ஒட்டியிருக்கு."

நாகலக்ஷ்மி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சாவித்ரியைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. வடையைக் கீழே வைத்தாள். "ஓ. நான்தான்னு முடிவு பண்ணிட்டீங்களா? மிருதுளா சொன்னாளா?"

"யாரும் சொல்லல," என்றாள் சாவித்ரி. உறையைத் திறந்து பொட்டைக் காட்டினாள். "உங்களுதா?"

நாகலக்ஷ்மி அதைக் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் முகத்தில் இருந்த கோபம் போய் அருவருப்பு வந்தது.

"சே. இது எந்தக் காலத்துப் பொட்டு? உப்பு பூத்துப் போயிருக்கு. மூஞ்சி கழுவறப்ப எடுத்துக் கண்ணாடியில ஒட்டுவோம், எல்லாரும் செய்யறதுதான். ஆனா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கண்ணாடியைத் துடைக்க மாட்டோமா? பழசையெல்லாம் சுரண்டி எறிய மாட்டோமா? இப்படி உப்பு ஏறற வரைக்கும் விட்டு வெச்சா வீட்டுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க? எந்தப் பொம்பளை வெச்சிருப்பா?"

சாவித்ரி உறையை மூடிக் கைப்பையில் வைத்தாள்.

"மேடம், இன்னொரு வடை சாப்பிடறீங்களா?" என்றாள் பிறகு.

"எதுக்கு?"

"கேஸ்ல பாதியை நீங்க முடிச்சிட்டீங்க."

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் அன்பு கேட்டான்: "பாதி கேஸா? அந்தம்மா நம்மளத் திட்டிச்சு, அவ்ளோதான்."

"எந்தப் பொம்பளையும் வெச்சிருக்க மாட்டான்னு சொன்னாங்களே. நாம முதல்லேர்ந்து பொட்டுன்னா பொம்பளைன்னு தேடிக்கிட்டு இருந்தோம். பொட்டு வெச்சது பொம்பளைதான். ஆனா அந்தக் கண்ணாடி வருஷக்கணக்கா துடைக்கப்படல. துடைக்கறவங்க இல்லாத வீடு. தண்ணி தெறிக்குதுன்னா யாரோ தினமும் முகம் கழுவறாங்க. அப்ப அந்த வீட்ல ஒரு ஆம்பளை இருக்கார். பொட்டை எடுக்க மனசு வராத ஆம்பளை."

அன்பு தலையைச் சொறிந்தான். "பொண்டாட்டி செத்தவன்," என்றான்.

"கோவிலம்பாக்கத்துல."

"கோவிலம்பாக்கம் இன்னா சின்ன ஊரா? வூடு வூடாப் போயி 'உங்க வூட்ல பொம்பளை கீறாங்களா'ன்னு கேட்டா செருப்பாலதான் பதில் வரும்."

"கேக்க வேண்டாம். முதல்ல போய்ப் பார்ப்போம். சாயங்காலம் காலேஜ் பஸ் அந்தப் பக்கம்தானே போகுது?"

"என் ஆட்டோ கீது."

"ஆட்டோ இங்கேயே இருக்கட்டும். அந்த வழியா யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு பஸ்ஸுக்குத்தான் தெரியும்."

* * *

பஸ் கிளம்பும்போது நிற்க இடமில்லை. ஐம்பது குரல்கள், ஐம்பது போன்களில் பாட்டு. வண்டலூரில் ஒரு கூட்டம் இறங்கியது. பெருங்களத்தூரில் இன்னொன்று. தாம்பரத்தில் பாதிக்கு மேல் காலி. கேம்ப் ரோடு தாண்டியதும் பேச்சு குறைந்தது. மேடவாக்கத்தில் கடைசிப் பெண் "போயிட்டு வரேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கியபிறகு அந்தப் பெரிய பஸ்ஸில் மூன்று பேர்தான் இருந்தார்கள். காலி சீட்டுகளின் கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன.

"இவ்ளோ பெரிய வண்டி, பெருமாள் கோயில் தேர் மாதிரி," என்றான் அன்பு. "சாமியைத்தான் காணோம்."

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

சாவித்ரி முன்சீட்டுக்கு வந்தாள். "கோவிலம்பாக்கத்துல எந்த ஸ்டூடண்டை சார் இறக்குவீங்க?"

"யாரும் இல்ல மேடம். வண்டி நைட்டு அங்க நிக்கும். எனக்கு வீடு அங்கதான்."

"கொரோனா வருஷத்துலயும் இந்த ரூட்தானா?"

"அந்த வருஷம் ஏது ரூட்டு? வண்டி ஷெட்டுல நின்னுது. வாரத்துக்கு ஒரு தடவை போய் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் முன்ன பின்ன நகர்த்திட்டு வருவேன். இல்லன்னா பாட்டரி படுத்துடும். ஒரு தடவை போனா டிரைவர் சீட்டுக்கு அடியில பூனை குட்டி போட்டிருந்துச்சு."

"அதுங்களுக்காவது அட்மிஷன் கிடைச்சுதே," என்றான் அன்பு.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. கியரை மாற்றினார். கொஞ்ச தூரம் போனபிறகு, "நீங்க எங்க இறங்கணும்?" என்று கேட்டார்.

"தெரியல சார். ஒரு வீட்டைத் தேடி வந்திருக்கோம். அட்ரஸ் இல்ல."

"வெயில் இன்னும் இறங்கல மேடம். எங்க வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுத் தேடுங்க."

சாவித்ரி அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லி முடித்தபிறகும் அவர் பதிலுக்காகக் காத்திருந்த விதம் அவளுக்கு என்னவோ போல இருந்தது. தண்ணீர் கொடுப்பவர்கள் இவ்வளவு எதிர்பார்ப்போடு காத்திருக்க மாட்டார்கள்.

"வரோம் சார்," என்றாள்.

வீடு ஒரு சந்துக்குள். கீழ்த்தளம், ஒரு அறை, சமையலறை. பூட்டைத் திறந்து முதலில் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தார். ஒற்றை நாற்காலியில் இருந்த துணிகளை அள்ளிக் கட்டில் மேல் போட்டுவிட்டு, இன்னொருவருக்கு எங்கே இடம் என்று சுற்றிப் பார்த்தார். அன்பு தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"முகம் கழுவிக்கலாமா சார்?" என்றாள் சாவித்ரி.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு பின்கட்டுக் கதவைக் காட்டினார். "அங்க வாஷ்பேசின் இருக்கு மேடம்."

சாவித்ரி போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "அன்பு, இங்க வா," என்றாள், தணிந்த குரலில்.

வாஷ்பேசின் மேலே கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. உப்பு படிந்து பனி மூடின மாதிரி இருந்தது. நடுவில் ஒரு முகம் தெரியும் அளவுக்கு மட்டும் துடைத்திருந்தது, ஷேவ் செய்துகொள்ள. ஓரத்தில் கை படவே இல்லை. அங்கே அரக்கு நிறப் பொட்டுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. வரிசைக்கு இடையில் பொட்டு இருந்து எடுத்த இடங்கள் சின்னச் சின்ன வட்டங்களாகப் பளிச்சென்று தெரிந்தன. அந்த வட்டங்களில் மட்டும் கண்ணாடி புதுசாக இருந்தது.

அன்பு அந்த வட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினான்.

பின்னால் லக்ஷ்மிநாராயணன் இரண்டு டம்ளர் தண்ணீரோடு நின்றிருந்தார்.

"கேன் தண்ணிதான் மேடம். உப்பு இருக்காது," என்றார்.

சாவித்ரி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "அவங்க பேர் என்ன சார்?"

"தீபலட்சுமி." இரண்டு டம்ளரையும் கொடுத்துவிட்ட கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. "என்னைத்தான் தேடி வந்தீங்கன்னு பஸ்ல ஏறும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன் வீட்டுக்குக் கூப்பிட்டீங்க?"

"யாராவது கேட்டா சொல்லலாம்னுதான் ஒட்டினேன். எல்லாரும் சுரண்டிப் போட்டாங்களே தவிர, யாரும் கேக்கல."

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார். 2020இல் முதலில் கல்லூரிக்கு ஆள் சேரவில்லை. வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் டார்கெட் கொடுத்தார்கள். பேராசிரியர், பியூன், டிரைவர் என்று வித்தியாசம் கிடையாது. ஆளுக்கு ஒரு அட்மிஷனாவது கொண்டு வரவேண்டும்.

"நான் எங்க மேடம் போவேன்? ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கு. இவ பிளஸ் டூ முடிச்சவ. சர்ட்டிபிகேட் இருந்துச்சு. டார்கெட்டுக்காக பி.காம்ல பேர் கொடுத்தேன். சும்மா பேருக்கு. நாலு நாள் கழிச்சு பார்த்தா," என்று நிறுத்தினார், "அவ படிக்கவே ஆரம்பிச்சுட்டா."

"எப்படி?" என்றான் அன்பு.

"போன்லதான். அதோ அந்த ஜன்னல் கட்டையில போனைச் சாய்ச்சு வெச்சு, தலை வாரி, பொட்டு வெச்சு, புடவை மாத்திக்கிட்டு உக்காருவா. 'எவன் பார்க்கறான் உன்னை, நைட்டியோட உக்காரேன்'னு நான் கிண்டல் பண்ணுவேன். 'டீச்சர் பாக்கறாங்க'ம்பா. கிளாஸ் முடிஞ்சதும் வந்து மூஞ்சி கழுவுவா. பொட்டு இங்க வந்துரும். செமஸ்டர் எழுதினா. பாஸ். ஸ்டேட்டிஸ்டிக்ஸ்ல என்னமோ நல்ல மார்க்கு. காலேஜ் திறந்ததும் என் பஸ்லயே வருவேன்னா. 'கடைசி ஸ்டாப்புதான் எனக்கு முதல் ஸ்டாப்பு, சீட்டு கேரண்டி'ன்னு சொல்லிச் சிரிப்பா. அடுத்த மே மாசம் போயிட்டா. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில. காலேஜ் வாசப்படியை அவ பார்க்கவே இல்ல."

பக்கத்து வீட்டில் ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"ஆபீஸ்ல கேட்டீங்களா?" என்றாள் சாவித்ரி.

"அந்தப் படம் மாட்டினதும் போய்ப் பார்த்தேன். கோவிலம்பாக்கம் காலியா இருந்துச்சு. ஆபீஸ்ல கேட்டேன். கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்துட்டு அப்படி ஒரு பேரே இல்லன்னாங்க. அவங்க பொய் சொல்லல மேடம். வராதவங்க பேரையெல்லாம் நிஜமாவே எடுத்துட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "என் வேலை போயிடுமா?"

சாவித்ரி கைப்பையிலிருந்து மாத்திரை உறையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பிரித்துப் பார்க்காமலே மூடிக்கொண்டார்.

* * *

டவுன் பஸ்ஸில் திரும்பி, கல்லூரியில் விட்டிருந்த ஆட்டோவை எடுத்துக்கொண்டு, பொத்தேரியிலேயே இருந்த மிருதுளாவின் அறைக்கு வரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. சுற்றிலும் மாணவர் விடுதிகள். பால்கனி எல்லாம் துணிகள், சிரிப்புச் சத்தம். அவள் அறை மட்டும் அமைதியாக இருந்தது.

வழி முழுக்க அன்பு ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தான்: "பேர் சொன்னா அந்தாளு காலி. சொல்லலன்னா இந்தப் பொண்ணு காலி. இன்னாக்கா பண்ணப்போற?"

"நான் எதுவும் பண்ணப்போறதில்ல. மிருதுளாகிட்ட சொல்லுவேன். என்னைக் கூப்பிட்டது அவதான்."

சொன்னாள். கண்ணாடியைப் பற்றி, டார்கெட்டைப் பற்றி, ஜன்னல் கட்டையைப் பற்றி. மிருதுளா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சாவித்ரி பேரைச் சொன்னாள்.

"தீபலட்சுமி."

மிருதுளா எழுந்துவிட்டாள்.

"தீபா அக்காவா?"

"உனக்குத் தெரியுமா?"

மிருதுளா கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது ஆன்ட்டி. இதே ரூம். இந்தத் தெருவுல இருக்கிற அத்தனை ஹாஸ்டலும் பூட்டிக் கிடந்துச்சு. ராத்திரி நாய் குரைச்சாக்கூட ஆறுதலா இருக்கும். லேப்டாப்பைத் திறந்தா கிளாஸ் முழுக்கக் கறுப்புக் கட்டம். எல்லாரும் கேமரா ஆஃப். அறுபது கட்டத்துல ஒரே ஒரு முகம். சீவின தலை, அரக்குப் பொட்டு. நான் கேள்வி கேட்டா அவங்க மட்டும் தலையாட்டுவாங்க. நான் அவங்களுக்குத்தான் பாடம் நடத்தினேன். நாள் முழுக்க நான் பார்த்த ஒரே மனுஷ முகம் அதுதான்."

அன்பு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு நாள் அவங்களும் வரல. சரி, வீட்டு வேலை, குடும்பம், நிறுத்திட்டாங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு போன் பண்ணல." நிமிர்ந்தாள். "அவங்களைத்தான் நான் புள்ளி வைக்காம விட்டிருக்கேன். கார்டை எண்ணினேன் ஆன்ட்டி. கார்டு வாங்க வந்தவங்களை மட்டும் எண்ணிட்டு, அந்த வருஷம் யாரும் சேரலன்னு படம் போட்டேன்."

எழுந்து மேசைக்குப் போனாள். லேப்டாப்பைத் திறந்தாள். அந்த வருடத்து ஆன்லைன் வகுப்புகளின் வருகைப் பதிவு, ஊர், போன் நம்பரோடு, இன்னும் அவளிடம் இருந்தது. திரையில் அதே வரைபடம். நேரில் வந்தவர்களுக்கு முழுப் புள்ளி அப்படியே இருக்க, போனில் சேர்ந்து போனிலேயே காணாமல் போனவர்களுக்கு உள்ளே ஒன்றுமில்லாத ஒரு வளையம் போட்டாள். கோவிலம்பாக்கத்தில் ஒன்று. கூடுவாஞ்சேரியில் கொத்தாக. மறைமலை நகரில், ஊரப்பாக்கத்தில், சிங்கப்பெருமாள் கோவில் வரை. ரோட்டின் இரண்டு பக்கமும் வளையங்கள் நிரம்பிக்கொண்டே போயின. தனியாகக் கிடந்த ஜி.எஸ்.டி. ரோட்டில் இப்போது இடமே இல்லை.

"இவ்ளோ பேரா?" என்றான் அன்பு.

"வந்தாங்க அன்பு. முந்தின வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சேர்ந்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. யாரும் திரும்பிப் பார்க்கல."

போன் அடித்தது. பிரின்சிபால். மிருதுளா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, பேர் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். ஒண்ணு இல்ல. ஊர் ஊரா இருக்கு."

"என்ன உளர்ற? ஒட்டினது யாரு?"

"நான் விட்டதைத்தான் சார் ஒட்டியிருக்காங்க. தப்பு என் படத்துல." பிறகு வளையங்களைப் பற்றிச் சொன்னாள். பிரின்சிபாலின் குரல் உயர்ந்தது.

"கொரோனாவால ஆள் வரலன்னா அது நாட்டு நடப்பு. வந்த பசங்க விட்டுட்டுப் போயிட்டாங்கன்னா அது காலேஜ் மேல வரும். இந்த வித்தியாசம் புரியுதா உனக்கு?"

"இன்னைக்குத்தான் சார் புரிஞ்சுது."

"பழைய படத்தையே மாட்டு. அந்தப் பொட்டு விஷயத்தை நான் மறந்துடறேன். கையெழுத்தும் போட்டுடறேன். இல்லன்னா திங்கட்கிழமை நீ வரவே வேண்டாம்."

மிருதுளா திரையைப் பார்த்தாள். சாவித்ரி எதுவும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

"வர்றேன் சார்," என்றாள் மிருதுளா. "புதுப் படத்தை மாட்டிட்டுப் போறேன்."

போனை வைத்தாள். எதிர் விடுதியில் யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள்.

"வேலை பூடுச்சே," என்றான் அன்பு மெதுவாக. "இன்னா பண்ணுவீங்க?"

"தெரியல." அவள் பட்டியலில் முதல் பெயரின் மேல் விரலை வைத்தாள். மறைமலை நகர். ரேஷ்மா. அந்த வருடத்து போன் நம்பர். "இப்ப இருக்குமான்னு கூடத் தெரியல."

அழுத்தினாள். வெகுநேரம் மணி அடித்தது. யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்த நேரத்தில் எடுத்தார்கள். பின்னால் தடதடவென்று மெஷின் சத்தம்.

"ஹலோ, ரேஷ்மாவா? நான் மிருதுளா. காலேஜ்லேருந்து. 2020ல பி.காம் சேர்ந்தீங்களே..."

மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் குரல், சிரிப்பா கோபமா என்று தெரியாத குரல்.

"இப்பத்தான் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்களா மேம்?"

மிருதுளா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சூப்பர்வைசர் பாக்கறாரு மேம், வெக்கணும்," என்றது குரல். "ஷிப்ட் முடிஞ்சதும் பஸ்ல தனியாத்தான் வருவேன். அப்பப் பேசலாம்." மெஷின் ஒன்று நின்றது. அந்த இடைவெளியில் குரல் சின்னதானது. "நிஜமா கூப்பிடுவீங்களா?"